ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் செய்த பொருளுக்கு விலை வைப்பது எப்படி? ஷீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இது: சொந்தமாகத் தோண்டிய தாதுவை மினரலாக்கி ரிஃப்டர் கப்பல் செய்கிறீர்கள். மினரலுக்குக் காசு கொடுப்பதில்லை. விளையாட்டின் பெரிய சந்தையான ஜிட்டாவில் அந்த நேரத்தில் இருக்கும் குறைந்த விலைக்கு ஒரு படி கீழே போடுகிறீர்கள், விற்றும் விடுகிறது. ஆனாலும் கையில் பணம் சேரவில்லை. ஷீட் போட்டால் சரியாகுமா?

சரியாகும். ஆனால் மினரல் காலத்தில் (நெடுவரிசையில்) பூஜ்யம் என்று எழுதிவிட்டு மற்றதை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் பயனில்லை. சொந்த வயல் நெல் என்பதற்காக இட்லிக் கடைக்காரருக்கு அரிசி இலவசமாகிவிடாது. அதை மண்டியில் போட்டால் காசு வந்திருக்கும். விளையாட்டிலும் அதே கதைதான். ஷீட் சொல்ல வேண்டியது "என்ன விலைக்கு விற்கலாம்" என்பதை மட்டுமல்ல. "இந்த மினரலைக் கப்பலாக்காமல் அப்படியே விற்றிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்" என்பதைத்தான் அது முதலில் சொல்ல வேண்டும். விலையைச் சந்தை வைக்கும். செய்வதா வேண்டாமா என்பது மட்டும்தான் உங்கள் கையில்.

தோண்டிய மினரலுக்கு எந்த விலையைப் போடுவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜிட்டாவில் டிரிட்டானியம் என்ற மினரலை விற்பவர் கேட்கும் விலை 4.00 ஐஎஸ்கே (விளையாட்டின் பணம்), வாங்குபவர் தரும் விலை 3.60 என்று வைத்துக்கொள்வோம். (இந்தப் பதிலில் வரும் சந்தை விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்தவை; உங்கள் ஷீட்டில் அன்றைய விலை வரும்.) உங்களிடம் தேவைக்கு மேல் டிரிட்டானியம் இருந்து, மிச்சத்தைப் பை ஆர்டரில் (வாங்குபவர் முன்கூட்டியே போட்டுவைத்த ஆர்டரில்) தள்ளிவிடுபவர் என்றால், அதன் மதிப்பு 3.60-லிருந்து விற்பனை வரி போக உள்ளது: 4.2% வரி என்றால் சுமார் 3.45. ஆனால் தோண்டியது போதாமல் மாதாமாதம் கொஞ்சம் வெளியிலிருந்தும் வாங்குகிறீர்கள் என்றால், தோண்டிய ஒவ்வொரு யூனிட்டும் 4.00 கொடுத்து வாங்குவதைத் தவிர்க்கிறது. அப்போது மதிப்பு 4.00 தான். ஆகவே இது மினரலுக்கு மினரல் மாறும். டிரிட்டானியம் உபரி, ஐசோஜென் பற்றாக்குறை என்றால் முதலாவதற்கு 3.45, இரண்டாவதற்கு வாங்கும் விலை. விலைத் தாளில் ஒவ்வொரு மினரலுக்கும் "உபரி / பற்றாக்குறை" என்று ஒரு காலம் வைத்து, அதைப் பார்த்து விலை மாறும்படி செய்துவிடுங்கள்.

ஷீட்டின் அமைப்புக்கு வருவோம். நான்கு தாள் போதும்: அமைப்பு, விலை, செய்முறை, கணக்கு. ஐந்தாவதாக ஒரு பதிவேடு. அதைப் பற்றிக் கடைசியில்.

அமைப்புத் தாளில் விற்பனை வரி, புரோக்கர் கட்டணம் (ஆர்டர் போடுவதற்கானது), சிஸ்டம் காஸ்ட் இண்டெக்ஸ் (அந்த நட்சத்திரத் தொகுதியில் பொருள் செய்வதற்கான கட்டண விகிதம்), ஸ்ட்ரக்சர் வரி (பொருள் செய்யும் தொழிற்கூடத்தின் உரிமையாளர் வைப்பது), சரக்குக் கூலி எல்லாம் ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்லில் இருக்க வேண்டும். ஃபார்முலாவுக்குள் 0.042 என்று நேரடியாக எழுதாதீர்கள். விளையாட்டை நடத்தும் சிசிபி நிறுவனத்தார் இந்த விகிதங்களைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள், இனியும் மாற்றுவார்கள். அன்று நாற்பது ஃபார்முலாவில் தேடிக்கொண்டிருக்க நேரிடும்.

விற்பனை வரியைத் திறனோடு கட்டிவிடலாம். அக்கவுன்டிங் திறனின் ஒவ்வொரு நிலையும் அடிப்படை வரியில் 11% குறைக்கும். அடிப்படை 7.5%, அக்கவுன்டிங் நான்காம் நிலை என்றால் 7.5 × (1 − 0.44) = 4.2%. என்பிசி நிலையத்தில் (வீரர்களுடையதல்லாமல் விளையாட்டே நடத்தும் நிலையம்) புரோக்கர் கட்டணம் 3%-இல் தொடங்கி, புரோக்கர் ரிலேஷன்ஸ் நிலைக்கு 0.3% வீதம் குறையும். ஐந்தாம் நிலையில் 1.5%. ஸ்டாண்டிங் (நிலையத்தை நடத்துபவர்களிடம் உங்களுக்கு உள்ள நற்பெயர்) இருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும், ஆனால் 1%-க்குக் கீழே போகாது. செல் ஆர்டர் (நீங்களே விலை வைத்துப் போடும் விற்பனை ஆர்டர்) போட்டால் இரண்டும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் பை ஆர்டரில் விற்றால் வரி மட்டும். இதை மறந்து இரண்டு வழிக்கும் ஒரே கழிவைப் போட்டிருக்கும் ஷீட்டுகள் ஏராளம்.

விலைத் தாளில் பொருளின் பெயரை நம்பாதீர்கள், டைப் எண்ணை (ஒவ்வொரு பொருளுக்கும் விளையாட்டு தந்த எண்) நம்புங்கள். டிரிட்டானியம் 34, பைரைட் 35, மெக்ஸாலன் 36, ஐசோஜென் 37, ரிஃப்டர் 587. ஜிட்டாவின் நான்காம் கிரகம், நான்காம் நிலவு, கால்டாரி நேவி அசெம்ப்ளி பிளான்ட்டின் நிலைய எண் 60003760. ஃபஸ்வொர்க் தளத்தின் தொகுப்பு விலைச் சேவைக்கு இந்த நிலைய எண்ணையும், டைப் எண்களைக் காற்புள்ளியிட்டும் கொடுத்தால் எல்லாப் பொருளுக்கும் ஒரே அழைப்பில் விலை வந்துவிடும். பொருளுக்கொரு செல், செல்லுக்கொரு அழைப்பு என்று போட்டால் ஐம்பது பொருள் தாண்டியதும் பாதி செல்லில் பிழை நிற்கும். கூகுள் ஷீட்ஸ் அத்தனை வெளி அழைப்பைத் தாங்காது. எக்ஸெல் பழகியவர்களுக்கு சிசிபியே மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து ஒரு ஆட்-இன் தருகிறது, 2022-இல் அறிவித்தது. கூகுள் ஷீட்ஸில் ஜெஸி என்ற ஆட்-ஆன் அதே வேலையைச் செய்யும்.

வரும் விலையில் "குறைந்த செல் விலை" என்ற ஒற்றை எண்ணை எடுக்காதீர்கள். யாரோ ஒருவர் 12 யூனிட்டை அடிமாட்டு விலைக்குப் போட்டிருப்பார். பத்து ரிஃப்டருக்கு உங்களுக்கு வேண்டிய டிரிட்டானியமோ இரண்டே முக்கால் லட்சம் யூனிட்டுக்கு மேல். ஃபஸ்வொர்க் தரும் 5% பெர்சென்டைல் விலை, அதாவது மலிவான முதல் 5% சரக்கின் சராசரி, இதற்கு ஓரளவு பரிகாரம். அடுத்து, நிலையம் கொடுக்காமல் ஜிட்டா இருக்கும் த ஃபோர்ஜ் மண்டலம் முழுவதற்கும் விலை எடுத்தால் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் மலிவு ஆர்டரும் உள்ளே வந்துவிடும். நீங்கள் ஜிட்டாவில் நிற்கும்போது அந்த விலையால் பயனில்லை.

இவற்றைவிட மோசமானது பூஜ்யம். சந்தையில் ஒரு பொருளே இல்லாதபோது சேவை 0 என்று தரும். ஷீட் அதை "இலவசம்" என்று எடுத்துக்கொண்டு, அதை வைத்துச் செய்யும் கப்பலுக்குப் பிரமாதமான லாபம் காட்டும். விலை 0 என்றால் செல்லில் பிழை வரும்படி ஒரு நிபந்தனை போடுங்கள்; அந்தப் பிழை கணக்குத் தாள் வரை போய் முழு வரியையும் சிவப்பாக்கட்டும். பொதுவாகவே, லாபம் அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்தினால் முதல் பத்து இடத்தில் வந்து நிற்பவை பெரும்பாலும் தப்பான தரவுகள். நல்ல பொருள்கள் பதினைந்தாவது இடத்துக்குக் கீழே அமைதியாக இருக்கும். மேலே வந்ததைக் கண்டதும் புளூபிரிண்ட் (பொருளைச் செய்யத் தேவையான வரைபடம்) வாங்க ஓடாமல், விளையாட்டுக்குள் போய் ஆர்டர் பட்டியலைக் கண்ணால் பாருங்கள்.

விலையைத் தேடி எடுக்கும் விலுக்அப் (VLOOKUP) ஃபார்முலாவில் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் (FALSE) கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது "ஏறக்குறைய" பொருந்துவதை எடுத்துக்கொள்ளும், பிழையும் காட்டாது. மெக்ஸாலன் இடத்தில் பைரைட் விலை உட்கார்ந்திருப்பது இப்படித்தான். எண் 34-ம் எழுத்தாக ஒட்டப்பட்ட 34-ம் ஷீட்டுக்கு வேறு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்முறைத் தாளை நீளவாக்கில் எழுதுங்கள்: ஒரு வரியில் செய்யும் பொருளின் எண், மூலப்பொருளின் எண், அடிப்படை அளவு. ரிஃப்டருக்கு நான்கு வரி: டிரிட்டானியம் 32,000, பைரைட் 6,000, மெக்ஸாலன் 2,500, ஐசோஜென் 500. ஒரே வரியில் மினரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் என்று பரப்பினால் ஆரம்பத்தில் பார்க்க நன்றாக இருக்கும். டெக் 2 (மேம்பட்ட வகைப் பொருள்கள்) பக்கம் போனதும் காலங்கள் நூறைத் தாண்டி ஷீட்டைத் தொடவே அலுப்பாகிவிடும்.

இப்போது அளவுக் கணக்கு. புளூபிரிண்ட்டின் எம்இ (மூலப்பொருள் சிக்கன அளவு) 10 என்றால் 10% மிச்சம். ராய்டாரு, அஸ்பெல், சோட்டியோ ஆகிய மூன்று ஸ்ட்ரக்சரிலும் மேலும் 1%. ரிக் (ஸ்ட்ரக்சரில் பொருத்தும் கூடுதல் கருவி) இருந்தால் அதுவும் சேரும். இவற்றைக் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும்: 0.90 × 0.99. ரிக் இல்லாத ராய்டாருவில் ஒரு ரிஃப்டருக்கு டிரிட்டானியம் 28,512, பைரைட் 5,346, மெக்ஸாலன் 2,227.5, ஐசோஜென் 445.5.

அந்த அரை யூனிட்டில்தான் பலரும் தவறுகிறார்கள். விளையாட்டு ஒவ்வொரு கப்பலுக்கும் தனியாக மேல்நோக்கி முழுமையாக்குவதில்லை, ஜாப் (ஒரு முறை போடும் உற்பத்தி வேலை) முழுவதற்கும் ஒரு முறைதான். ஒரே ஜாபில் பத்து ரன் (பத்துக் கப்பல்) போட்டால் மெக்ஸாலன் 22,275, ஐசோஜென் 4,455. ஒன்று ஒன்றாகப் பத்து ஜாப் போட்டால் 22,280-ம் 4,460-ம். ரிஃப்டரில் இது சில்லறை. ஆனால் அடிப்படை அளவு 3 என்று இருக்கும் விலையுயர்ந்த உதிரிபாகத்தில், எம்இ 10 மட்டும் வைத்துப் பார்த்தாலே, ஒற்றை ரன்னுக்கு 2.7 போய் 3 ஆகிவிடும். பத்து ரன்னுக்கு 30-க்குப் பதில் 27 போதும். அதோடு, எந்த மூலப்பொருளும் ரன்னுக்கு ஒன்றுக்குக் கீழே இறங்காது. டெக் 2 கப்பலுக்கு ஒரு டெக் 1 கப்பல் தேவை என்றால் எம்இ எவ்வளவு இருந்தாலும் ஒன்று தேவைதான். ஆகவே ஃபார்முலா: ரன் எண்ணிக்கை, அல்லது (ரன் × அடிப்படை × 0.90 × 0.99) என்பதை இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்து பிறகு ரவுண்ட்அப் செய்தது, இரண்டில் எது பெரிதோ அது. நடுவில் அந்த இரண்டு தசம ரவுண்ட் எதற்கு என்றால், கணினியின் தசமப் பெருக்கலில் 2,85,120 என்பது 2,85,120.00000004 என்று வந்து நிற்கக்கூடும். நேராக ரவுண்ட்அப் போட்டால் ஒரு யூனிட் கூடுதலாகக் காட்டும்.

எல்லா மினரலுக்கும் வாங்கும் விலையையே போட்டு, கணக்குக்காக டிரிட்டானியம் 4, பைரைட் 20, மெக்ஸாலன் 70, ஐசோஜென் 200 என்றால், பத்து ரிஃப்டருக்கு மினரல் 46,59,930 ஐஎஸ்கே.

அடுத்தது ஜாப் கட்டணம். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், போடுபவர்களிலும் பாதிப் பேர் தப்பாகப் போடுகிறார்கள். இது நீங்கள் வாங்கிய விலையின் மேல் விழுவதல்ல. விளையாட்டே கணிக்கும் "அட்ஜஸ்டட் பிரைஸ்" என்று ஒன்று இருக்கிறது, விளையாட்டின் தரவுகளைத் தரும் அதிகாரபூர்வ ஈஎஸ்ஐ சேவையில் கிடைக்கும். அந்த விலையை எம்இ கழிக்காத அடிப்படை அளவோடு பெருக்கிக் கூட்டியதுதான் மதிப்பீட்டுத் தொகை. புளூபிரிண்ட்டை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்தத் தொகை குறையாது. அதன் மேல் சிஸ்டம் காஸ்ட் இண்டெக்ஸ், ஸ்ட்ரக்சர் உரிமையாளர் வைத்த வரி, எஸ்சிசி சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் 4% மூன்றும் விழும். இண்டெக்ஸ் 3% என்றால் ராய்டாருவின் 3% சலுகை போக 2.91, உரிமையாளர் வரி 1, ஆக மொத்தம் 7.91%. அட்ஜஸ்டட் விலை நம் கணக்கு விலையேதான் என்று வைத்தால் மதிப்பீடு கப்பலுக்கு 5,23,000, பத்துக்கு 52,30,000, கட்டணம் 4,13,693. ஜாப் போடும் சாளரத்தில் கடைசி எண்ணோடு உங்கள் ஷீட்டின் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் இண்டெக்ஸ் பழையதாகியிருக்கும். கூட்டம் அதிகமாக ஜாப் போடும் சிஸ்டத்தில் அது ஏறிக்கொண்டே போகும்.

மினரலும் கட்டணமும் சேர்த்துக் கப்பல் ஒன்றுக்கு 5,07,362.

சரக்குக் கூலியில் ஒரு வேடிக்கை. மினரல் எதுவானாலும் யூனிட்டுக்கு 0.01 கன மீட்டர். பத்து ரிஃப்டருக்கான மொத்த மினரல் 3,653 கன மீட்டர்தான். செய்து முடித்த ரிஃப்டரோ பேக் செய்த நிலையிலேயே 2,500. பத்துக்கு 25,000 கன மீட்டர். அதாவது ஏழு மடங்கு ஊதிவிடுகிறது. தொலைவில் செய்து ஜிட்டாவுக்குத் தூக்கிவருவதைவிட, மினரலைக் கொண்டுவந்து ஜிட்டா பக்கத்திலேயே செய்வது எத்தனையோ நாள் லாபமாக இருக்கும், அங்கே இண்டெக்ஸ் கொஞ்சம் கூட இருந்தாலும். கன மீட்டருக்கு 10 ஐஎஸ்கே கூலி என்றால் கப்பலுக்கு 25,000. நீங்களே ஓட்டிச் சென்றாலும் இந்த வரியைப் பூஜ்யமாக்காதீர்கள்.

ஆக அடக்கம் 5,32,362. இதற்கு அடிவிலை கண்டுபிடிக்க வரியையும் கட்டணத்தையும் (4.2% + 1.5% = 5.7%) அடக்கத்தோடு கூட்டினால் தப்பு, அவை விற்ற விலையின் மேல் விழுபவை. வகுக்க வேண்டும்: 5,32,362 ÷ 0.943 = 5,64,541. 5.7%-ஐக் கூட்டியிருந்தால் 5,62,707 வந்திருக்கும், கப்பலுக்கு 1,800 சொச்சம் குறைவு. 2020 மார்ச்சிலிருந்து ஆர்டர் விலையில் நான்கு முதன்மை இலக்கம்தான் அனுமதி என்பதால் ஷீட் காட்டும் அடிவிலையை மேல்நோக்கி 5,64,600 என்று முழுமையாக்கிவிடுங்கள்.

சந்தையில் 6,00,000 போகிறது என்றால் கைக்கு வருவது 5,65,800. உண்மையான லாபம் 33,438. மினரல் இலவசம் என்று போட்ட ஷீட்டோ இதே விற்பனைக்கு 4,99,431 லாபம் காட்டும். பணம் ஏன் சேரவில்லை என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நாலரை லட்சத்துக்கு மேலான தொகை தோண்டியதற்கான வருமானம். கப்பல் செய்ததால் வந்தது முப்பத்து மூன்றாயிரம்தான்.

அதையும் கரைக்கும் ஒன்று உண்டு: விலை மாற்றும் கட்டணம். ஆர்டரை ஒவ்வொரு முறை திருத்தும்போதும், அட்வான்ஸ்டு புரோக்கர் ரிலேஷன்ஸ் திறன் இல்லாதவருக்குப் புரோக்கர் கட்டணத்தில் பாதி மறுபடி விழும். விற்காமல் மிச்சமிருக்கும் சரக்கின் மதிப்பின் மேல். 6,00,000 கப்பலுக்கு 0.75% என்றால் 4,500. எட்டு முறை திருத்தினால் அந்தக் கப்பலில் நஷ்டம். அந்தத் திறன் ஐந்தாம் நிலையில் இருந்தால் பாதிக்குப் பதில் ஐந்தில் ஒரு பங்கு. "ஒரு படி கீழே போட்டு" விற்கும் பழக்கம் இருப்பதால் சொல்கிறேன், கணக்குத் தாளில் "எதிர்பார்க்கும் திருத்தம்" என்று ஒரு காலம் வைத்து இரண்டோ மூன்றோ போட்டுவிடுங்கள்.

ஒரு கப்பலுக்கு எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், ஒரு ஸ்லாட் (ஒரு நேரத்தில் ஒரு ஜாப் ஓடும் இடம்) ஒரு நாளில் எவ்வளவு தருகிறது என்றும் பாருங்கள். ரிஃப்டரின் அடிப்படை நேரம் 6,000 வினாடி. புளூபிரிண்ட்டின் டிஇ (நேரச் சிக்கன அளவு) 20, இண்டஸ்ட்ரி, அட்வான்ஸ்டு இண்டஸ்ட்ரி திறன்கள் ஐந்தாம் நிலை, ராய்டாருவின் 15%, எல்லாம் பெருக்கினால் சுமார் 46 நிமிடம். நாளுக்கு 31 கப்பல், பத்து லட்சத்துச் சொச்சம் லாபம். ஆனால் 31-ஐயும் சந்தை வாங்க வேண்டுமே. ஈஎஸ்ஐ தரும் வரலாற்றில் தினசரி விற்பனை அளவு இருக்கிறது. 30 நாள் சராசரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உங்களால் விற்க முடியும் என்று எண்ணாதீர்கள். ஸ்லாட் தரும் எண்ணிக்கை, சந்தை எடுக்கும் எண்ணிக்கை, இரண்டில் சிறியதை லாபத்தோடு பெருக்கினால் வருவதுதான் ஒப்பிடத்தக்க எண். வரிசைப்படுத்துவதும் இதை வைத்துத்தான்.

டெக் 2 பக்கம் போனால் இன்வென்ஷன் (டெக் 2 புளூபிரிண்ட் காப்பியை உருவாக்கும் முயற்சி) செலவு சேரும். முயற்சி தோற்றாலும் அதற்குப் போட்ட டேட்டாகோர் என்ற மூலப்பொருள் போய்விடும், ஆகவே ஒரு முயற்சியின் செலவை வெற்றி வாய்ப்பால் வகுக்க வேண்டும். மாட்யூலுக்கு (கப்பலில் பொருத்தும் கருவி) அடிப்படை வாய்ப்பு 34%. இன்வென்ஷனுக்கு வேண்டிய மூன்று திறனும் நான்காம் நிலையில் என்றால் 0.34 × (1 + 4/40 + 8/30) = சுமார் 46.5%. முயற்சிக்கு 2,00,000 என்றால் ஒரு வெற்றிக்கு 4,30,000 சொச்சம். பத்து ரன் காப்பி என்பதால் மாட்யூலுக்கு 43,000. வரிசையாக ஐந்து தோல்வி வருவதற்கு 4%-க்கு மேல் வாய்ப்பு உண்டு. அப்படி வந்தால் ஷீட்டின் சதவீதத்தைத் திருத்த வேண்டாம்.

கடைசியாகப் பதிவேடு. கணக்குத் தாளின் விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆகவே ஜாப் போட்ட அன்றே அந்த வரியை நகலெடுத்து, மதிப்பு மட்டும் ஒட்டு என்ற முறையில் பதிவேட்டில் போடுங்கள்: தேதி, எண்ணிக்கை, மினரல் செலவு, கட்டணம், எதிர்பார்த்த விலை. விற்றதும் கிடைத்த தொகையைப் பக்கத்தில் எழுதுங்கள். இந்த அடக்கத்தை வைத்து விற்பனை விலையைப் பிடித்துவைக்காதீர்கள். செய்து முடித்தபின் மெக்ஸாலன் விலை சரிந்து ரிஃப்டரும் 5,40,000-க்கு இறங்கிவிட்டால், "எனக்கு ஆன செலவு 5,32,362" என்று 5,64,600-க்கு ஆர்டர் போட்டுக் காத்திருப்பதால் அந்தப் பணம் திரும்ப வராது. புதிய மினரல் விலையில் செய்பவர்கள் கீழே விற்றுக்கொண்டே இருப்பார்கள். விற்றுவிட்டு, அன்றைய விலையில் கணக்குத் தாள் அடுத்து எதைக் காட்டுகிறதோ அதைப் போடுங்கள். பதிவேடு வேறொன்றுக்கு: எதிர்பார்த்ததும் கிடைத்ததும் ஒரே பொருளில் தொடர்ந்து 3%-க்கு மேல் விலகினால், அந்தப் பொருளின் விலைத் தரவோ திருத்தக் கணக்கோ தவறாக இருக்கிறது, முதலில் பார்க்க வேண்டியது பெர்சென்டைல் காலத்தை.